சீட் பெல்ட் கையேடு: விமானப் பணியாளர்களின் உதவி தேவை

நண்பர்களே, வானக் குலுக்கல் (டர்புலன்ஸ்) பற்றித் தமிழில் ஒரு பக்கக் கையேடு தயாராகிறது. விமானிகள், கேபின் பணியாளர்கள் யாராவது சரிபார்த்துத் தர வேண்டும்.

அடிப்படையாக எடுத்திருப்பது 2024 மே 21, லண்டன்–சிங்கப்பூர் எஸ்கியூ321 (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம்) சிக்கிய குலுக்கல். மியான்மர் வான்பரப்பில் 37,000 அடியில், பெல்ட் விளக்கு போட்டதாக விமானி சொன்ன சுமார் 8 விநாடியில் ஆட்கள் தூக்கி எறியப்பட்டார்கள். 0.6 விநாடியில் விசை (1ஜி என்பது நாம் தரையில் உணரும் ஈர்ப்பு; கழித்தல் குறி என்றால் பெல்ட் போடாதவர் மேலே தூக்கப்படுவார்) +1.35ஜி-யிலிருந்து -1.5ஜி-க்குப் போனது, அடுத்த 4 விநாடிக்குள் +1.5ஜி. உயரம் இறங்கியதோ வெறும் 178 அடி! ‘6,000 அடி விழுந்தது’ என்ற பேச்சு தவறு; அது பிறகு விமானிகள் கட்டுப்பாட்டோடு இறக்கியது. அடிபட்டது விமானம் வெகுதூரம் விழுந்ததால் அல்ல, பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதித் திரும்பி விழுந்ததால். 8 விநாடியில் கழிவறையிலிருந்து யார் வந்து பெல்ட் போட முடியும்?

விமானம் பாங்காக்கில் தரையிறங்கியதால், தாய்லாந்து அரசியலை நம்பாத சிலர் விசாரணையையும் சந்தேகிக்கிறார்கள். மேலே உள்ள எண்கள் சிங்கப்பூர் விசாரணைப் பிரிவு கருப்புப் பெட்டியிலிருந்து எடுத்தவை. விசாரணையை நடத்தியது தாய்லாந்து அரசு அல்ல.

பெல்ட் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, போர்வைக்கு வெளியே தெரியும்படி. வயிற்றின் மேல் அல்ல. இது எழுதியாயிற்று. தெரிய வேண்டியவை: மடியில் இருக்கும் குழந்தைக்குத் தனி லூப் பெல்ட் (பெற்றோரின் பெல்ட்டில் கோக்கும் சிறு பெல்ட்) தருகிறீர்களா, தொட்டிலிலிருந்து எப்போது எடுக்கச் சொல்கிறீர்கள்? தெளிந்த வானக் குலுக்கல் (மேகமே இல்லாத இடத்தில் வருவது) ரேடாரில் தெரியாதபோது, முன்னால் போன விமானத்தின் தகவல் எவ்வளவு நேரத்துக்குப் பயன்படுகிறது?