ஒரே டின் எண்ணெய், இரண்டு ரத்த அறிக்கைகள்

ஆரணி அத்தை, காலை 6:42
மலர், உன் மாமாவுக்குக் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) 168 என்று வந்திருக்கிறது. அதே வீட்டில், அதே மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயில் செய்ததைச் சாப்பிடும் என் கொழுந்தனாருக்கோ 104 தான். இது எப்படி?

காட்பாடி சித்தப்பா, 6:50
பரம்பரைதான், அக்கா. மாமாவின் அப்பாவுக்கும் இதே தொல்லை இருந்தது. ரத்தத்தோடு வந்ததை யார் மாற்ற முடியும்?

மலர், 7:15
பாதி சரி, சித்தப்பா. ஆனால் உடன்பிறந்தவர்களுக்கும் எல்லா மரபணுக்களும் ஒன்றாக அமைவதில்லை. அபோ-ஈ என்ற மரபணுவின் ஈ4 வகையைப் பெற்றவர்களுக்கு, நெய், பாமாயில் போன்றவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது கெட்ட கொழுப்பு மற்றவர்களைவிட அதிகமாக ஏறும் போக்கு பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று அபோ-ஏ2. அதன் குறிப்பிட்ட ஒரு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 22 கிராமும் அதற்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு உண்டவர்களிடம்தான் உடல் பருமன் கூடியிருந்தது. அதற்குக் கீழே உண்டவர்களிடம் அந்த மரபணுவின் சுவடே தெரியவில்லை. நெய்யில் கணக்கிட்டால் 22 கிராம் என்பது ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி.

ஆரணி அத்தை, 7:21
இவர் சோற்றில் நெய்யே ஊற்றிக்கொள்வதில்லையே!

மலர், 7:30
சோற்றில் இல்லை, அத்தை. ஆற்காட்டிலிருந்து வாரந்தோறும் வரும் மக்கன் பேடாப் பெட்டியில் இருக்கிறது. மாலையில் கடை பஜ்ஜி வேறு. அது பெரும்பாலும் பாமாயிலில் பொரிப்பது, அதில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. மல்லாட்டை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்பதால், பாவம், டின்னைக் குற்றம் சொல்லாதீர்கள்.

காட்பாடி சித்தப்பா, 7:38
அப்படியானால் மரபணுச் சோதனை செய்துவிடலாமா?

மலர், 7:52
அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். எந்த மரபணு என்று தெரிந்தாலும் மாற்ற வேண்டியது உணவைத்தான். ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், சர்க்கரை நோய்க்கு வழிவிடும் மரபணு வகையை இரட்டையாகப் பெற்றவர்களுக்கும், ஆலிவ் எண்ணெய், கொட்டைகள், காய்கறிகள், பருப்புகள் கொண்ட உணவை ஒழுங்காகக் கடைப்பிடித்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை மற்றவர்களைவிட ஏறியிருக்கவில்லை, கடைப்பிடிக்காதவர்களிடமே ஏறியிருந்தது. மாமா மருத்துவரைப் பார்த்து, தைராய்டையும் ஒருமுறை சோதித்துக்கொண்டு, பேடாவையும் பஜ்ஜியையும் நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கட்டும்.

ஆரணி அத்தை, 8:05
நிறுத்தியாயிற்று. மீதியிருந்த பெட்டியைக் கொழுந்தனார் தம் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். அவருக்கு 104 தானாம்.