"ஒன்றுமில்லை" என்றால் அம்மாவுக்கு ஏன் நோகிறது?

சுன்னாகம் மகள்:
அம்மாவுக்கு 54 வயது. இரண்டு வருடமாகத் தோள், முதுகு, தொடை என்று இடம் மாறி மாறி உளைவு. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரியாம். ஓபிடியில் "ஒன்றுமில்லை" என்று அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார்கள். இணையத்தில் பார்த்தால் அது மனச்சோர்வுக்கான குளிசை! "எனக்கு விசரா?" என்று அம்மா அழுகிறார்.

மருதடியான்:
தங்கச்சி, நாளைக் கடத்தாமல் தனியாரிடம் எம்ஆர்ஐ எடுங்கள். கண்டுபிடிக்க முடியாதவர்கள்தான் மனதின் மேல் பழியைப் போடுவார்கள்.

ஓய்ந்த ஸ்டெதஸ்கோப்:
எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும், சிக்கலே அதுதான். 2015இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், முதுகு நோவே இல்லாத 50 வயதுக்காரரில் 60 வீதமானோருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அந்தப் படத்தைக் கண்டபின் அம்மா குனிந்து முற்றம் கூட்டவும் பயப்படுவார்.

பிள்ளை, மனச்சோர்வுக்கு அந்த மருந்தை 75, 100 என்று கொடுப்போம். 10 என்பது நோவைத் தணிக்கவும் நித்திரைக்கும். காரணம் பிடிபடாத நாட்பட்ட நோவுக்குப் பனடோலையோ டைக்ளோபெனாக்கையோ தொடங்க வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. உடற்பயிற்சியும் இப்படியான மருந்துகளும் அதன் பரிந்துரையில் உள்ளன.

மருதடியான்:
பிரிட்டனை விடுங்கள் ஐயா. இங்கே விடியப்புறம் போய் நம்பர் எடுத்தால் உள்ளே இரண்டு நிமிடம். உடற்பயிற்சியை யார் சொல்லிக் கொடுப்பது? விளக்காமல் குளிசையை நீட்டினால் விசர் என்றுதானே விளங்கும்?

ஓய்ந்த ஸ்டெதஸ்கோப்:
அதை ஒத்துக்கொள்கிறேன். "ஒன்றுமில்லை" என்று நானும் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். "எலும்பில் பழுதில்லை, நரம்புகள் நோவைக் கூட்டிக் காட்டுகின்றன" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அதற்காக ஸ்கானுக்குக் காசு கட்டு என்பதை ஏற்கமாட்டேன். நிறை குறைந்தால், இரவில் காய்ச்சல் வந்தால், கால் பலமிழந்தால், சிறுநீர் அடங்காமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஸ்கானின் தேவை அப்போதுதான்.

சுன்னாகம் மகள்:
அப்படி எதுவும் இல்லை ஐயா. உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். "எழுபத்தைந்து எங்கே, பத்து எங்கே" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். குளிசை தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் விழுங்கவில்லை. காலையில் தலை பாரமாக இருக்குமா என்கிறார்.

ஓய்ந்த ஸ்டெதஸ்கோப்:
முதல் சில நாள் இருக்கும், வாயும் வறளும். படுக்கும் நேரத்துக்கு விடாமல் இரவு எட்டு மணிக்கே கொடுத்துவிடுங்கள்.

மருதடியான்:
இதை ஓபிடியில் சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளை இங்கே வந்திருக்காது.