ஆற்றங்கரைப் பானைகள்: மாரிக்கு முன்னம் செய்யவேண்டியது

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் ஆற்றங்கரை இடிந்து வெளியே தெரியும் பழைய பானைகளைப் பற்றி நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார், பெடியளை விட்டு நாங்களே கிண்டிப் பள்ளிக்கூடத்தில் வைப்போம் என்று. அக்கறையில் சொன்னதுதான். ஆனால் தயவுசெய்து ஒருவரும் அங்கே மண்வெட்டி கொண்டுபோக வேண்டாம்.

ஊரிலிருந்து அனுப்பிய படங்களில் இரண்டாவதைப் பெருப்பித்துப் பாருங்கள். பானையோட்டின் உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத பக்கம் கறுத்துப்போகும், அதுதான் காரணம். இரும்பு புழங்கத் தொடங்கிய பெருங்கற்காலப் புதைகுழிகளோடு புத்தளப் பக்கத்துப் பொம்பரிப்பிலும் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும் கிடைத்தவை இந்த வகைதான். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு மண்படை ஓடுகிறது, அதில் கரித்துண்டுகள் தெரிகின்றன. பானையைவிட எனக்கு அந்தக் கரிதான் பெரிது, ஏனென்றால் ஆய்வுகூடத்தில் சோதித்தால் காலத்தைச் சொல்லப்போவது அதுதான். மண்வெட்டி பட்டு மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்துவிட்டால் பிறகு எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பியும் பிரயோசனமில்லை.

ஆனைக்கோட்டையில் 1980 அளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பிராமி என்ற பழைய எழுத்துள்ள சிறு முத்திரை ஒன்று எலும்புக்கூட்டோடு சேர்ந்து கிடைத்தது. அது இருந்த இடத்திலேயே பதியப்பட்டபடியால்தான் இன்றுவரை அதைப் பற்றிக் கதைக்கிறோம். யாரோ முன்னமே பொறுக்கி அலுமாரியில் வைத்திருந்தால் அது வெறும் துண்டுதான்.

இங்கே வேண்டியது காப்பு அகழ்வு. காப்பு அகழ்வு என்றால் ஆறோ அணையோ அழிக்கமுன் எடுக்கக்கூடியதை முறையாக எடுப்பது. சதுரம் போட்டு, படை படையாக இறங்கி, அள்ளும் மண் முழுவதையும் அரிதட்டில் போட்டு அரித்து, ஒவ்வொரு பையிலும் எந்தச் சதுரம் எந்தப் படை என்று எழுதி வைப்பார்கள். வேலை மெதுவாகத்தான் போகும். சட்டமும் நாங்களாகக் கிண்ட விடாது: 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டப்படி சொந்தக் காணியில்கூட உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்ட முடியாது. அந்த உரிமம் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்திடமிருந்துதான் வரவேண்டும்.

திணைக்களம் என்றதும் சிலருக்குக் காணி பறிபோகும் என்ற பயம் வரும். வன்னியில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். அதனால்தான் யாழ் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆட்களையும் பிரதேச செயலகத்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துச் செய்யச் சொல்கிறேன்.

நேரம் குறைவு. ஐப்பசியில் மழை பிடித்தால் ஆறு கரையைத் தின்னத் தொடங்கிவிடும், 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் என்ன பாடு படுத்தியது என்று தெரியும்தானே. அதைவிட இரவில் மணல் ஏற்றும் டிப்பர்கள் பானைகள் உள்ள மேட்டுக்குக் கிட்ட வந்துவிட்டன.

எங்கள் ஊர்ச் சங்கக் காசில் செய்யக்கூடியது இதுதான்: தறப்பாள், அரிதட்டு, வேலைசெய்யும் ஊர்ப்பிள்ளைகளுக்குச் சம்பளம், சாப்பாடு, கரி ஆய்வுச் செலவு. ஊரில் நிற்பவர்கள் இப்போதைக்கு கிராம அலுவலரிடம் எழுத்தில் அறிவித்து, மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள். காப்பு அகழ்வு கேட்கும் கடிதத்தை நான் எழுதுகிறேன். கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோன ஓடுகள் இருந்தால் கழுவாமல், எங்கே எடுத்தது என்று ஒரு துண்டில் எழுதிப் பையில் போட்டு வையுங்கள்.