புதுப்பிப்பு: சில வேளைகளில் மட்டும் ஸ்ரார்ட் ஆகாத கார்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்பதாகவும், பத்து நிமிடம் கழித்து எதுவும் நடவாததுபோல் கார் இயங்குவதாகவும் முன்னர் எழுதியிருந்தேன். பலரும் பற்றரியையே சந்தேகித்தீர்கள். ஓய்வில் 12.6 வோல்ற் காட்டிய பற்றரியை மாற்றிய மூன்றாம் நாளே, பண்ணைப் பாலத்தருகே மீண்டும் அதே கதை (அந்தச் செலவை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது).

பின்னர் கொக்குவிலில் வயதான மெக்கானிக் ஒருவர், எதையும் கழற்றுவதற்கு முன்னர், மல்ரிமீற்றரின் (வோல்ற் அளக்கும் கருவி) ஒரு முனையைப் பற்றரியின் மறை (−) முனையிலும் மற்றையதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, என்னை ஸ்ரார்ட் பண்ணச் சொன்னார். கார் ஒழுங்காக இயங்கிய அந்த வேளையிலேயே, அந்த இரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 0.2 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டிய மின்னழுத்த இழப்பு 1.4 ஆக இருந்தது. பற்றரியின் மறைமுனையை எஞ்சினோடு இணைக்கும் ஏர்த் வயர் வெளியே புதிதுபோல் தெரிந்தாலும், அதன் உறைக்குள் களிம்பு பிடித்திருந்தது; கடற்காற்றின் வேலையாக இருக்கலாம். விளக்குகளுக்குச் சில அம்பியர் மின்னோட்டம் போதும், ஸ்ரார்ட்டருக்கோ நூற்றுக்கு மேல் வேண்டும். ஆகவே ஸ்ரார்ட் ஆகாதபோதும் விளக்குகள் பிரகாசமாக எரிந்ததை நம்பி நான்தான் ஏமாந்திருக்கிறேன்.

வயரை மாற்றி, அது தொடும் இடத்தைத் தேய்த்துப் பூட்டி மூன்று வாரங்களாகின்றன. ஒருமுறைகூட மறுக்கவில்லை. மாரிமழை தொடங்கியதும் மீண்டும் அளந்து பார்ப்பேன்.