எம்ஜிபி இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்ற பேக்பிளேட்டில் மாட்டலாமா, பிளாக்கிலேயே பிடிக்க வேண்டுமா?

காட்பாடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் 1967 மாடல் எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பிரித்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1798 சிசி இன்ஜின். கியர் பாக்ஸைத் தனியாகக் கழற்றியாகிவிட்டது, இன்ஜின் இப்போது ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. போர், கிராங்க், பேரிங் எல்லாம் பார்க்க வேண்டும் என்பதால் சுழற்றக்கூடிய ஸ்டாண்ட் வாங்கினேன், நான்கு கை வைத்தது, 450 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. துணைப் பாகங்களோடு சேர்த்தாலும் இன்ஜின் ஏறக்குறைய 160 கிலோதான், அதனால் எடையைப் பற்றிப் பயமில்லை. எங்கே மாட்டுவது என்பதில்தான் குழப்பம். பிளாக்கின் முதுகில் இருக்கும் பேக்பிளேட் தகட்டில் பெல் ஹவுசிங்குக்கான (கியர் பாக்ஸின் முன் கூடு) ஓட்டைகள் ஃப்ளைவீலுக்கு வெளியே வசதியாக இருக்கின்றன, நான்கு கையையும் அதில் மாட்டிவிட்டால் ஃப்ளைவீலைக் கழற்றாமலே ஏற்றிவிடலாம். இப்படிச் செய்யலாமா, இல்லை தகட்டையும் எடுத்துவிட்டு நேரே பிளாக்கில்தான் பிடிக்க வேண்டுமா? தரை சிமென்ட், நடுவில் ஒரு வெடிப்பு ஓடுகிறது. மேலே இரும்பு உத்தரம் இருக்கிறது, செயின் பிளாக் பக்கத்து லாரி ஷெட்டில் கேட்டால் கொடுப்பார்கள்.

அம்பாசிடர் பிரியன், சத்துவாச்சாரி:

தம்பி, பேக்பிளேட்டில் மாட்டாதீர்கள். நம் ஊர் அம்பாசிடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் உங்கள் எம்ஜிபி இன்ஜினும் ஒரே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் வம்சம். அம்பாசிடரில் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங், எம்ஜிபியில் 1964க்குப் பிறகு ஐந்து, ஆனால் பின்பக்க அமைப்பின் யோசனை ஒன்றுதான்: பிளாக், அதன் முதுகில் ஒரு தகடு, அந்தத் தகட்டில் கியர் பாக்ஸ். காரில் இருக்கும்போது இன்ஜினுக்கு முன்னால் மவுண்டிங் இருக்கிறது, கியர் பாக்ஸுக்கு அடியிலும் மவுண்டிங் இருக்கிறது, எடை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது, தகடு நடுவில் சேர்த்துப் பிடிக்கிற வேலையை மட்டும் செய்கிறது. ஸ்டாண்டில் அப்படி இல்லை. மொத்த இன்ஜினும் பின்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். ஓரத்து ஓட்டைகளில் பிடித்தால் தகடு வளையும், வளைந்தால் பிறகு கியர் பாக்ஸ் நேர்கோட்டில் உட்காராது.

ஃப்ளைவீலை எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். பேக்பிளேட்டைப் பிளாக்கோடு பிடிக்கிற போல்ட்டுகள் ஃப்ளைவீலுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. டயர் மேல் இருக்கும்போதே கிளட்ச், ஃப்ளைவீல், பேக்பிளேட் மூன்றையும் எடுத்துவிடுங்கள், ஸ்டாண்டில் ஏறிய பிறகு அந்தப் பக்கம் ஸ்பேனர் போகவே இடம் இருக்காது. ஆயிலையும் இப்போதே வடித்துவிடுங்கள்.

லேத் பட்டறை, ராணிப்பேட்டை:

மேலே அண்ணன் சொன்னது சரி, பிளாக்கில்தான் மாட்ட வேண்டும். ஆனால் பிளாக்கில் மாட்டினால் மட்டும் போதாது, எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. ஸ்டாண்ட் வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரில் உள்ள கிலோவைப் பார்க்கிறார்கள். அந்தக் கிலோ ஸ்டாண்டின் சட்டத்துக்கு, போல்ட்டுக்கு அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜினின் எடை மையம் பிளாக்கின் பின் முகத்திலிருந்து சுமார் 25 செமீ முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம், மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 20 செமீ. 160ஐ 25ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 200 கிலோ இழுவை. மேலே இருக்கும் இரண்டு போல்ட்டும் ஆளுக்கு 100 கிலோ தாங்க வேண்டும். 8 மிமீ, 8.8 கிரேடு போல்ட் ஒன்று நேரான இழுவையில் 2 டன்னுக்கு மேலேயே தாங்கும், ஆக போல்ட் இழுபட்டு அறுவது நடக்காத காரியம். பிறகு ஏன் இன்ஜின் விழுகிறது என்றால், ஒன்று போல்ட் வளைகிறது, இல்லையென்றால் மரை பிய்கிறது.

வளைவது எப்போது? ஸ்டாண்டின் கை பிளாக் முகத்தில் முழுசாகப் படியாமல் இடைவெளி இருந்து, அந்த இடைவெளியில் போல்ட் மட்டும் எடையைச் சுமக்கும்போது. சிலர் அந்த இடைவெளியில் பத்துப் பதினைந்து வாசரை அடுக்கி நிரப்புகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கனமான பைப்பில், உள் விட்டம் போல்ட்டுக்குச் சரியாக இருக்கும்படி, இரண்டு முனையும் லேத்தில் ஃபேஸ் பிடித்து, நான்கும் ஒரே நீளத்தில் வெட்டிய புஷ் வேண்டும். வெட்டுச் சக்கரத்தில் அறுத்த பைப் துண்டு ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காரும். நீளத்தையும் தேவைக்கு மேல் வைக்காதீர்கள், புஷ் நீளமாக நீளமாக ஸ்டாண்டின் கழுத்தில் விழும் சுமை கூடும்.

மரை விஷயம். பி சீரிஸ் முழுக்க இன்ச் அளவு, பெரும்பாலும் யுஎன்எஃப், அதாவது நெருக்கமான இன்ச் மரை. 5/16 இன்ச் போல்ட் 7.94 மிமீ, அதனால் எம்8 (8 மிமீ மெட்ரிக்) போல்ட் கையில் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அதற்குப் பிறகு இறுகும், இறுகுகிறதே என்று ஸ்பேனர் போட்டால் வார்ப்பிரும்பு மரை போச்சு. 5/16 யுஎன்எஃப்பில் இன்ச்சுக்கு 24 மரை, அதாவது மரைக்கு மரை 1.06 மிமீ, எம்8க்கு 1.25 மிமீ. மரை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இங்கே கடைகளில் இன்ச் போல்ட் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம், ஆனால் தலையில் கிரேடு குறி இல்லாத போல்ட்டை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஓட்டையின் ஆழம். வெர்னியரின் வால் பகுதியை உள்ளே விட்டு அளந்துகொள்ளுங்கள். வார்ப்பிரும்பில் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு மரை பிடிக்க வேண்டும், 5/16க்கு 12 மிமீ. அதற்குக் குறைந்தால் மரை பிய்யும், ஓட்டை அடியில் மூடியிருந்து போல்ட் நீளமாக இருந்தால் நுனி அடியில் முட்டி நிற்கும், கைக்கு நன்றாக இறுகியது போலத் தெரியும், உண்மையில் கை பிளாக்கோடு இறுகியே இருக்காது. இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம், ஏனென்றால் வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

காட்பாடிக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா, கணக்கோடு சொன்னதால் நன்றாகப் புரிந்தது. பேக்பிளேட்டை எடுத்துவிடுகிறேன். மரை கேஜ் நண்பரிடம் இருக்கிறது. அடுத்த சந்தேகம், நான்கு கையின் நடுப் புள்ளி எங்கே வர வேண்டும்? கிராங்க் மையத்துக்கு நேராக வைத்தால் சரியா? அப்புறம், தனி ஆளாக ஏற்ற முடியுமா?

பழைய ஃபிட்டர், ஆற்காடு:

தனி ஆளாக வேண்டாம் தம்பி. செயினை ஒருவர் பார்க்க வேண்டும், போல்ட்டை ஒருவர் பார்க்க வேண்டும்.

நடுப் புள்ளி கிராங்குக்கு நேராக வந்தால் இன்ஜின் தலைகனமாக இருக்கும். ஹெட் மேலே இருக்கும்வரை எடை மையம் கிராங்குக்கு மேலேதான் இருக்கும். ஸ்டாண்டின் சுழலும் தலையைப் பூட்டும் பின்னை உருவிய அடுத்த நொடி இன்ஜின் தானாகச் சுழன்று கவிழும், கைப்பிடி கையில் இருந்தால் மணிக்கட்டை முறித்துவிடும். அதனால் சுழலும் குழாயின் மையத்தைக் கிராங்க் மையத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவாருங்கள். இந்த இன்ஜினில் கார்புரேட்டர், இன்டேக், எக்ஸாஸ்ட் மூன்றும் இடப்பக்கம். அவற்றையும் டைனமோவையும் முதலிலேயே கழற்றிவிட்டால் பக்கவாட்டு எடை ஓரளவு சமமாகும். வேலை நடக்க நடக்க எடை மையம் இடம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது, ஹெட்டை எடுத்தால் கீழே இறங்கும், கிராங்கை எடுத்தால் மறுபடி மாறும். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் எந்தப் பக்கம் சுழலப் பார்க்கிறது என்று கைப்பிடியில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பின்னை உருவ வேண்டும். தலைகீழாகத் திருப்பினால் கீழே இருந்த போல்ட்டுகள் மேலே வந்து இழுவையைத் தாங்கும், எனவே நான்கு போல்ட்டில் எதையும் சும்மா பேருக்குப் பூட்டக் கூடாது.

ஏற்றும் முறை: சுழலும் தலையை ஸ்டாண்டிலிருந்து தனியாக உருவிவிடுங்கள். இன்ஜினைச் செயினில் தூக்கி, தலையை மட்டும் பிளாக்கில் மாட்டி, நான்கு போல்ட்டையும் கையால் ஏற்றுங்கள். கைகளை நகர்த்தி நடுப் புள்ளியைச் சரிசெய்து, பிளாக் போல்ட்டை இறுக்கி, அதன் பிறகு கைகள் தலைத் தட்டில் சேரும் நட்டுகளை இறுக்குங்கள். இந்த வரிசை மாறினால் கைகள் பிளாக்கில் படியாமல் கோணலாக நிற்கும். 5/16க்கு 25 நியூட்டன் மீட்டர் போதும், டார்க் ரென்ச் வையுங்கள். பிறகு ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்து குழாயை உள்ளே செருகி, பின் போட்டு, செயினை ஒரேயடியாக விடாமல் பாதி எடை இறங்கியதும் நிறுத்திப் பாருங்கள். கை எதுவும் பிளாக்கை விட்டு நகர்ந்திருக்கிறதா, கழுத்து முன்னால் தொய்கிறதா. தொய்ந்தால் மேலே தூக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

தரை வெடிப்பு பற்றி யாரும் பேசவில்லை. ஏற்றிய ஸ்டாண்டைத் தள்ளும்போது சின்ன சக்கரம் வெடிப்பில் சிக்கினால் மொத்தமும் முன்னால் சாயும். ஒரு மூட்டை சிமென்ட் வாங்கி அதை முதலில் அடைத்துவிடுங்கள், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மூன்று சக்கர ஸ்டாண்டாக இருந்தால் பி சீரிஸ் மாதிரி வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு நான் வைக்கவே மாட்டேன்.

லேத் பட்டறை, ராணிப்பேட்டை:

ஃபிட்டர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்டாண்டின் நான்கு கையும் பிளாக் ஓட்டைகளுக்குச் சரியாக வராவிட்டால் வளைத்து, இழுத்து மாட்டாதீர்கள். கழற்றிய பேக்பிளேட்டையே அச்சாக வைத்து 12 மிமீ எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) தகட்டில் ஒரு துணைத் தகடு வெட்டி, கிராங்குக்கு நடுவில் பெரிய ஓட்டை விட்டு, பிளாக்கில் கிடைக்கும் எல்லா ஓட்டையிலும் போல்ட் போட்டுப் பிடிக்கலாம். ஸ்டாண்டின் கைகளை அந்தத் தகட்டில் எந்த இடத்திலும் வசதிப்படி மாட்டிக்கொள்ளலாம். எடை நான்குக்குப் பதில் ஏழெட்டு போல்ட்டில் பிரியும். சிப்காட் பக்கம் கேஸ் கட்டிங் பட்டறைகள் நிறைய இருக்கின்றன, ஒரு நாள் வேலை.

காட்பாடிக்காரன்:

துணைத் தகடு யோசனை பிடித்திருக்கிறது, அதையே செய்கிறேன். என் ஸ்டாண்ட் நான்கு சக்கரம்தான். வெடிப்பை இந்த வாரமே அடைக்கிறேன். கடைசியாக ஒன்று, இன்ஜினை முழுசாகச் சேர்த்த பிறகு ஃப்ளைவீலை ஸ்டாண்டில் இருக்கும்போதே மாட்ட முடியுமா?

அம்பாசிடர் பிரியன், சத்துவாச்சாரி:

முடியாது தம்பி, துணைத் தகடு வழியை மறைத்துக்கொண்டிருக்கும். செயினில் தூக்கி, ஸ்டாண்டைக் கழற்றி, மறுபடி அந்த லாரி டயர் மேல் இறக்கி, பேக்பிளேட், ஃப்ளைவீல், கிளட்ச் என்ற வரிசையில் மாட்டுங்கள். ஃப்ளைவீல் போல்ட்டின் லாக் தகட்டைப் பழையதையே போடாமல் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.