நிதி திரட்டும் முன் மருந்துச்சீட்டைப் பார்க்கலாமா?

மழைத்துளி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், ஹெர்2 பாசிட்டிவ், அதாவது ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகை. டிராஸ்டுசுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஓராண்டு போடச் சொல்கிறார்கள். சேமிப்பு பாதி வழிக்குக்கூட வராது. இணையத்தில் அவள் படத்தைப் போட்டு நிதி கேட்கலாமா? கை கூசுகிறது.

கணக்குப்பிள்ளை: முதலில் சீட்டைப் பாருங்கள். மருந்தின் பெயர் எழுதியிருக்கிறதா, பிராண்ட் பெயரா? இந்த மருந்துக்குப் பயோசிமிலர்கள், அதாவது வேறு கம்பெனிகள் செய்யும் ஏறக்குறைய அதே மருந்துகள், வந்து ஆண்டுகள் ஆகின்றன. உலக சுகாதார அமைப்பு 2015இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் ஒரு பயோசிமிலருக்குத் தரச்சான்றும் கொடுத்தது. அதை எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்துக் கம்பெனிகள் இலவசமாகவோ சலுகையிலோ மருந்து தரும் உதவித் திட்டத்தை மட்டும் நம்பாதீர்கள், அது தூண்டில்.

தென்றல்: ஒரேயடியாகத் தூண்டில் என்றால் எப்படி ஐயா? என் கணவருக்கு நுரையீரலில். அவர் மாத்திரைக்குக் காப்புரிமை இன்னும் முடியவில்லை, ஜெனரிக் (வேறு கம்பெனி செய்யும் அதே மருந்து) கிடையாது. கம்பெனித் திட்டத்தில்தான் ஓடுகிறது. வருமானச் சான்று, டாக்டர் கையெழுத்து என்று ஆறு வாரம் இழுத்தடித்தார்கள். மாத்திரையைத் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தது என் தப்பு.

கணக்குப்பிள்ளை: காப்புரிமை இருந்தால் வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கே நிறுத்தினால் யாரைக் கேட்பீர்கள்? இரத்தப் புற்றுநோய் மாத்திரை இமாடினிப் 2001இல் வந்தது. பலருக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள். விலை சரிந்தது என்னவோ ஜெனரிக் வந்த பிறகுதான்.

தென்றல்: அந்த இலவசத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஜெனரிக் வரும்வரை உயிரோடு இருந்தார்கள் என்றும் யோசியுங்கள். விலைக் கொள்கையை நீங்கள் பேசுங்கள், எனக்குத் திங்கட்கிழமை மாத்திரை தீர்கிறது.

மருந்தாளுநர்: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எவ்வளவு காலம் போட வேண்டும் என்பதும் செலவுதான். டிராஸ்டுசுமாப் ஆறு மாதம் போட்டாலே ஓராண்டுக்குச் சளைக்காது என்று பிரிட்டனின் பெர்செபோனி ஆய்வு 2019இல் சொன்னது. பிரான்சின் ஃபேர் ஆய்வில் அது நிரூபணமாகவில்லை. அதனால் ஓராண்டே இன்னும் வழக்கம். ஆரம்ப நிலை நோய் என்றால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம், நீங்களாக ஊசியைக் குறைத்துவிடாதீர்கள். காப்பீடு மறுத்திருந்தால் எழுத்தில் காரணம் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் இருப்பார், எந்த அறக்கட்டளை எதற்குத் தரும் என்று டாக்டரைவிட அவருக்குத்தான் தெரியும். அப்புறம், படம் போடுவதாக இருந்தால் அக்காவின் சம்மதம் வேண்டும். இணையத்தில் ஏறியது இறங்காது.

மழைத்துளி: அக்காவிடம் இப்போதுதான் கேட்டேன். "படம் வேண்டாம்டா" என்றாள். சீட்டில் பிராண்ட் பெயர்தான் இருக்கிறது. ஆரம்ப நிலைதான் என்றும் சொன்னாள். நாளை டாக்டரைப் பார்க்கிறோம்.

கணக்குப்பிள்ளை: பயோசிமிலரை முதலில் கேளுங்கள்.

தென்றல்: கேளுங்கள். அதே நாளில் உதவித் திட்டப் படிவத்திலும் டாக்டரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள், முதல் ஊசி போடும் முன்னாலேயே.