கவுனி அரிசிச் சத்துமாவு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். சர்க்கரை நோய் உள்ள எங்கள் அப்பத்தாவுக்கு யாரோ கவுனி அரிசிச் சத்துமாவு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘சர்க்கரையைக் குணப்படுத்தும், அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. எந்த ஆய்வு, எத்தனை பேரிடம் நடந்தது, ஒரு வார்த்தை இல்லை.

விசேஷ வீட்டுப் பந்தியில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பரிமாறும் அதே கவுனிதான். அதன் கருநிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் பற்றிச் சோதனைக்குழாயில் என்ன தெரிந்தாலும், அது மனித உடம்பில் நிரூபித்ததாக ஆகாது. தனி அனுமதி இல்லாமல் ஓர் உணவு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018 விதிமுறைகளிலும் இடமில்லை.

அப்பத்தா மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் கவுனியை வைத்து ஒழுங்காக நடந்த ஆய்வு உண்டா? அப்புறம், இந்த லேபிள் மீது எப்படிப் புகார் கொடுப்பது?